பின்னோக்கிய பயணமும் அறத்தின் சுமையும்



"அண்டைக்கு மட்டும் அந்தப் பக்கம் போகாமல் விட்டிருந்தால்..."

சாவகச்சேரியிலோ மட்டுவிலிலோ கொடிகாமத்திலோ நாலு பெரியவர்கள் ஒரு வீட்டு விறாந்தையில் இருந்து கதைக்கத் தொடங்கினால், அரை மணித்தியாலத்துக்குள் இந்த வசனம் எங்கிருந்தோ வந்து விழுந்துவிடும். பெரும்பாலும் அது முடிக்கப்படுவதில்லை. சொன்னவர் பெருமூச்சோடு நிறுத்திவிடுவார். கேட்டவர்களும் 'பிறகென்ன?' என்று கேட்பதில்லை. முடியாத அந்த வசனத்துக்குள் ஒரு பெரிய கற்பனை இருக்கிறது. காலத்தில் பின்னோக்கிச் சென்று, ஒரு நாளை மட்டும், ஒரு முடிவை மட்டும் மாற்றிவிட்டுத் திரும்பிவரும் கற்பனை அது.

இந்தக் கற்பனையை உலக இலக்கியம் நூறு வருடங்களுக்கு மேலாகக் கதையாக்கி வந்திருக்கிறது. அந்தக் கதைகள் எழுப்பும் அறக் கேள்வி என்ன, அந்தக் கேள்வி தென்மராட்சி மண்ணில் எப்படி நிற்கிறது, எமது பழைய காப்பியங்கள் அதற்கு என்ன விடை வைத்திருக்கின்றன என்பனவற்றை இன்று நோக்குவோம்.

கேள்வி இதுதான்: கடந்த காலத்துக்குப் போகும் வல்லமை ஒருவருக்குக் கிடைத்தால், அது வரமா, சுமையா?

கதைகள் சொல்வது என்ன?

காலப் பயணம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருபவர் ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி.வெல்ஸ். 1895இல் வெளிவந்த அவருடைய 'கால இயந்திரம்' என்ற நாவலின் நாயகன் 802701ஆம் ஆண்டுக்குப் போகிறான். அவன் போவது எதிர்காலத்துக்கு என்பதைக் கவனிக்க வேண்டும். எதிர்காலத்துக்குப் போகிறவன் ஒரு பார்வையாளன். அங்கே நடப்பதற்கு அவன் பொறுப்பாளி அல்லன். வியப்படையலாம், கவலைப்படலாம், திரும்பி வந்து கதை சொல்லலாம்.

பின்னோக்கிப் போகிறவனின் நிலை வேறு. என்ன நடக்கப்போகிறது என்பது அவனுக்கு முன்கூட்டியே தெரியும். வெல்ஸுக்கு ஆறு வருடங்களுக்கு முன்னரே, 1889இல், அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வெய்ன் இதைத் தொட்டுவிட்டார். அவருடைய நாவலில் பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கன் ஒருவன் ஆர்தர் மன்னனின் அரசவைக் காலத்துக்குப் போய்ச் சேருகிறான். தனக்குத் தெரிந்த விஞ்ஞானத்தால் அந்தக் காலத்தைச் சீர்திருத்தப் புறப்படுகிறான். பாடசாலை, பத்திரிகை, தொலைபேசி எல்லாம் கொண்டுவருகிறான். கடைசியில் மின்வேலியும் இயந்திரத் துப்பாக்கியும் ஆயிரமாயிரம் பேரைக் கொன்று குவிப்பதில் அந்தச் சீர்திருத்தம் முடிகிறது. நன்மை செய்யப் போனவனின் கையில் பேரழிவு.

1952இல் ரே பிராட்பரி எழுதிய ஒரு சிறுகதையில், பழைய யுகத்துக்கு வேட்டையாடப் போன ஒருவன் போட்டு வைத்த பாதையை விட்டுத் தவறிக் கால் வைக்கிறான். ஒரு வண்ணத்துப் பூச்சி மிதிபட்டுச் சாகிறது. திரும்பி வந்து பார்த்தால் அவனுடைய நாட்டின் தேர்தல் முடிவே மாறியிருக்கிறது. 2011இல் ஸ்டீபன் கிங் எழுதிய நாவலின் நாயகன், 1963 நவம்பர் 22ஆம் திகதி அமெரிக்க ஜனாதிபதி கென்னடி கொல்லப்பட்டதைத் தடுக்கப் பின்னோக்கிப் போகிறான். தடுத்தும் விடுகிறான். ஆனால் அவன் திரும்பிவந்து காணும் உலகம் முன்னையதைவிடச் சீரழிந்து கிடக்கிறது. தான் காப்பாற்றியதைத் தானே இல்லாமற் செய்ய வேண்டிய நிலைக்கு அவன் தள்ளப்படுகிறான்.

தமிழிலும் இந்தச் சிந்தனை வெகுசன ரசனைக்குள் வந்துவிட்டது. ரவிக்குமார் இயக்கி 2015இல் வெளிவந்த 'இன்று நேற்று நாளை' திரைப்படம் நகைச்சுவையாகச் சொன்னதும் இதைத்தான். ஒரு சிறு காரியத்துக்காகப் பின்னோக்கிப் போனவர்களால், சாக வேண்டிய ஒரு கொடியவன் உயிர் பிழைத்துக்கொள்கிறான்.

இக்கதைகளின் பொதுக் கருத்தைப் 'பழையதில் கை வைத்தால் புதியது கெடும்' என்று சுருக்கலாம். ஆனால் இது அறக் கேள்வியின் வெளிப்புறம் மட்டுமே. விளைவு என்னாகும் என்ற பயம் அது. உள்ளே இன்னும் கனமான ஒன்று இருக்கிறது.

வல்லமை வந்தால் வருவது

ஒருவருக்கு ஒரேயொரு தடவை பின்னோக்கிச் செல்ல அனுமதி கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் யாழ்ப்பாணத்தவர். எந்த நாளுக்குப் போவார்?

1981 ஜூன் மாதத் தொடக்கத்துக்குப் போய், 97,000 வரையான நூல்களோடு எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் வாசலில் நிற்பாரா? 1995 ஜூலை 9ஆம் திகதிக்குப் போய், நவாலி புனித பேதுருவானவர் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்தவர்களை, குண்டு விழுமுன் 'எழும்பி ஓடுங்கோ' என்று கலைப்பாரா? அல்லது தன் சொந்தப் பிள்ளையை இழந்த நாளுக்குப் போவாரா?

எந்த நாளைத் தேர்ந்தாலும், ஏனைய நாட்களில் இறந்தவர்களை அவர் தேர்ந்தே கைவிட்டவராகிறார். இன்று அவர்களுடைய சாவுக்கு அவர் எவ்வகையிலும் பொறுப்பல்லர். அழலாம், நினைவுகூரலாம், இரவில் நித்திரை கொள்ளலாம். வல்லமை கைக்கு வந்த கணத்திலிருந்து அது மாறிவிடும். தடுக்க முடிந்தும் தடுக்காத ஒவ்வொரு சாவும் அவருடைய கணக்கில் வந்து சேரும். 'என்னால் ஒன்றும் செய்ய முடியாது' என்பது மனிதனின் மிகப் பெரிய துயரம். அதுவே மனிதனின் மிகப் பெரிய ஆறுதலும் ஆகும். காலப் பயணி முதலில் இழப்பது இந்த ஆறுதலைத்தான்.

விஞ்ஞானிகளும் இதைப் பற்றி யோசித்திருக்கிறார்கள். 1949இல் கணித மேதை கேர்ட் கொடெல், ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளிலிருந்தே கடந்த காலத்துக்குப் பாதை திறந்துள்ள ஒரு பிரபஞ்சத்தைக் கணிதத்தில் உருவாக்கிக் காட்டினார். 2009இல் ஸ்டீபன் ஹோக்கிங் காலப் பயணிகளுக்கென்று ஒரு விருந்து வைத்தார். விருந்து முடிந்த பின்னரே அழைப்பிதழை வெளியிட்டார். ஒருவரும் வரவில்லை. அது வேடிக்கை. எமது கேள்வி இயந்திரம் செய்ய முடியுமா என்பதல்ல. இயந்திரம் இல்லாமலே நாம் ஒவ்வொரு நாளும் பின்னோக்கிப் போய் வருகிறோம். போகும்போது இன்றைய அறிவையும் எடுத்துக்கொண்டு போய், அன்று முடிவெடுத்தவர்களைக் கூண்டில் ஏற்றுகிறோம். அதற்கு மிகப் பொருத்தமான உதாரணம் சாவகச்சேரியில் கிடைக்கிறது.

சாவகச்சேரியில் பிரிந்த மூன்று பாதைகள்

1995 ஒக்டோபர் 17ஆம் திகதி இலங்கை இராணுவம் 'ரிவிரெச', தமிழில் 'சூரியக்கதிர்', என்ற நடவடிக்கையை வலிகாமத்தில் தொடங்கியது. ஒக்டோபர் 30ஆம் திகதி, வலிகாமத்து மக்கள் உடனடியாக வெளியேற வேண்டும் என்று விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கிகள் மூலம் அறிவித்தனர். அன்று மழை. நாவற்குழிப் பாலமும் கோப்பாய் - கைதடி வீதியும் தவிரத் தென்மராட்சிக்கு வேறு வழி இருக்கவில்லை. நான்கு இலட்சம் முதல் ஐந்து இலட்சம் வரை என்று மதிப்பிடப்படும் மக்கள், அந்த ஒடுங்கிய வழிகளால் இரவிரவாக ஊர்ந்தார்கள். யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து சாவகச்சேரி பத்து, பதினொரு மைல் தூரம். சைக்கிளில் ஒரு மணித்தியாலம் சொச்சத்தில் போகும் அந்தத் தூரத்தைக் கடக்கப் பலருக்கு ஒரு முழு இரவும் போதவில்லை. நடக்க முடியாத வயோதிபரைச் சைக்கிள் கரியரில் வைத்துத் தள்ளினார்கள். வழியிலேயே உயிர்விட்டவர்களும் உண்டு.

தென்மராட்சி அவர்களைத் தாங்கியது. பலா மரங்களும் மாமரங்களும் தென்னையும் நிறைந்த அந்த வளவுகளில் ஒரு வீட்டுக்குள் ஐந்து குடும்பம், பத்துக் குடும்பம் என்று இருந்தார்கள். பாடசாலைகளும் கோயில்களும் தேவாலயங்களும் தங்குமிடங்களாயின. டிசெம்பர் 5ஆம் திகதி யாழ்ப்பாணப் பட்டினத்தில் அரசின் கொடி ஏற்றப்பட்டது. ஊர் ஒரு பக்கம், ஊரவர் மறு பக்கம். இடையில் ஒரு கடனீரேரி.

1996 ஏப்ரல் 19ஆம் திகதி நடவடிக்கையின் இரண்டாம் கட்டம் தென்மராட்சி நோக்கித் தொடங்கியது. அந்த நாட்களில்தான் ஒவ்வொரு குடும்பமும் ஒரு முடிவெடுக்க வேண்டியதாயிற்று. எதிரே மூன்று பாதைகள் இருந்தன. ஒன்று, வலிகாமத்துக்குத் திரும்பிப்போய் இராணுவக் கட்டுப்பாட்டில் வாழ்வது. இரண்டாவது, கிளாலியால் கடனீரேரியைக் கடந்து வன்னிக்குப் போவது. முன்னைய மாதங்களிலேயே பலர் அப்படிப் போயிருந்தனர். மூன்றாவது, தென்மராட்சியிலேயே இருப்பது. இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அதுதான் இயல்பான முடிவு.

யோசிக்கக் கிடைத்தது சில நாட்கள்; சிலருக்குச் சில மணித்தியாலங்கள். அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம் போனார்கள். தாய் தகப்பன் திரும்ப, பிள்ளைகள் வன்னிக்குப் போனார்கள். யார் சரி, யார் பிழை என்று சொல்ல அங்கே எவராலும் முடியவில்லை.

இப்போது எமது காலப் பயணியைக் கூப்பிடுவோம். இன்றைய அறிவு முழுவதையும் மூட்டை கட்டிக்கொண்டு அவர் 1996 ஏப்ரலில் சாவகச்சேரிச் சந்தையடிக்கு வந்து கண்டி வீதியோரம் நிற்கிறார். மூட்டை முடிச்சோடு ஒரு குடும்பம் வந்து, "ஐயா, எந்தப் பக்கம் போகலாம்?" என்று கேட்கிறது. அவர் என்ன சொல்வார்?

'வலிகாமத்துக்குத் திரும்புங்கோ' என்பாரா? அந்த வருடமே யாழ்ப்பாணத்தில் கைது செய்யப்பட்டவர்களில் நூற்றுக்கணக்கானோர் காணாமற் போனார்கள். 1996 செப்டெம்பர் 7ஆம் திகதி, பரீட்சை எழுதிவிட்டுக் கைதடியிலுள்ள வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு பாடசாலை மாணவி செம்மணிச் சோதனைச் சாவடியில் தடுக்கப்பட்டுக் கொல்லப்பட்டாள். அவளைத் தேடிப்போன தாயும் தம்பியும் அயலவரும் கொல்லப்பட்டனர். 1998இல் அந்த வழக்கில் குற்றவாளியாகக் காணப்பட்ட இராணுவ வீரர் ஒருவர், செம்மணியில் மேலும் பலர் புதைக்கப்பட்டிருப்பதாக நீதிமன்றத்தில் சொன்னார். 1999இல் தோண்டியபோது 15 பேரின் எச்சங்கள் எடுக்கப்பட்டன.

'வன்னிக்குப் போங்கோ' என்பாரா? அங்கே போனவர்கள் அதே வருடம் கிளிநொச்சியிலிருந்து மீண்டும் இடம்பெயர்ந்தார்கள். உணவுக்கும் மருந்துக்கும் தட்டுப்பாடு. ஊர் ஊராக நகர்ந்து, 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்கால் கடற்கரையில் அந்தப் பாதை எப்படி முடிந்தது என்பதை நேயர்களுக்கு நான் விபரிக்க வேண்டியதில்லை. உயிர்தப்பி வந்தவர்களில் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் முட்கம்பி வேலிக்குள் முகாம்களில் வைக்கப்பட்டார்கள்.

'எங்கேயும் போக வேண்டாம், இங்கேயே இருங்கோ' என்பாரா? நான்கு வருடம் கழித்து, 2000 ஏப்ரல் 22ஆம் திகதி ஆனையிறவு வீழ்ந்தது. மே மாதம் புலிகள் சாவகச்சேரிக்குள் வந்தார்கள். செப்டெம்பரில் இராணுவம் திரும்பப் பிடித்தது. இடைப்பட்ட மாதங்களில் இரு பக்கத்து எறிகணைகளுக்கும் நடுவில் அகப்பட்டுச் சாவகச்சேரிப் பட்டினம் கட்டடக் குவியலாயிற்று. 1995இல் இலட்சக்கணக்கானோருக்கு இடம் கொடுத்த மக்கள் 2000இல் தாங்களே இடம் தேடி அலைந்தார்கள். தென்னைகள் தலையில்லாமல் நின்றன.

ஆக, எல்லாம் அறிந்த பயணியாலும் அந்தக் குடும்பத்துக்குப் பாதுகாப்பான ஒரு பாதையைச் சுட்டிக்காட்ட முடியாது. ஒவ்வொரு பாதையிலும் போய்ப் பிழைத்தவர்கள் இருக்கிறார்கள். போய் மாண்டவர்களும் இருக்கிறார்கள். 'இந்த வீதியால் போங்கோ' என்று அவர் வாய் திறந்தால், அந்த வீதியில் விழும் சாவுகளுக்கு அவர் பங்காளி. வாய் திறவாமல் நின்றாலும் அறிந்தும் சொல்லாதவர் என்ற பழி. அறிவு கூடக்கூடச் சுமையும் கூடுகிறது. வழி மட்டும் திறக்கவில்லை.

எல்லாம் தெரிந்தவருக்கே இந்த நிலை என்றால், ஒன்றும் தெரியாமல், மழையில் நனைந்து, கைக்குழந்தையோடு நின்று முடிவெடுத்த ஒரு தகப்பனை நாம் இன்று என்ன நியாயத்தில் குற்றஞ்சாட்டுகிறோம்? "அப்பா அண்டைக்கு வன்னிக்குப் போவம் எண்டு நிண்டபடியால்தான் அண்ணா இல்லை" என்று ஒரு வீட்டில். "நீங்கள் திரும்பிவரச் சொன்னபடியால்தான் தம்பியைப் பிடிச்சவங்கள்" என்று இன்னொரு வீட்டில். கனடாவிலும் லண்டனிலும்கூடக் கலியாண வீட்டுப் பந்தியில் இந்தக் கதை எழுந்து, சகோதரங்கள் முகம் பாராமல் போன குடும்பங்கள் உண்டு. யுத்தம் அந்த வீடுகளுக்குள் இன்னும் முடியவில்லை.

பிறந்திராத பிள்ளைகள்

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பிரித்தானிய மெய்யியலாளர் டெரெக் பார்ஃபிற் 1984இல் வெளியிட்ட நூலொன்றில் இதனை விரிவாக ஆராய்ந்தார். ஒரு மனிதன் பிறப்பது, ஒரு குறிப்பிட்ட தாயும் தகப்பனும் ஒரு குறிப்பிட்ட வேளையில் சேர்ந்ததால்தான். அந்த வேளை சற்று மாறியிருந்தாலும் அவன் பிறந்திருக்க மாட்டான், வேறொருவர் பிறந்திருப்பார். ஆகவே கடந்த காலத்தின் ஒரு பெரிய நிகழ்ச்சியை அழித்தால், அதற்குப் பிறகு பிறந்த பலரையும் அத்தோடு அழிக்கிறோம்.

தென்மராட்சியில் இது நூலறிவு மட்டுமல்ல. 1995இன் இடப்பெயர்வு இல்லாவிட்டால் வலிகாமத்துப் பொடியன் தென்மராட்சிப் பெட்டையைக் கண்டிருக்கவே மாட்டான். ஒரே வளவில் ஒதுங்கியிருந்த இரண்டு குடும்பங்கள் சம்பந்தம் பேசியிருக்க மாட்டா. அந்தக் கலியாணங்களில் பிறந்தவர்கள் இன்று வளர்ந்து, தாங்களும் பிள்ளை பெற்றுவிட்டார்கள். 'அந்த இடப்பெயர்வு நடக்காமல் விட்டிருந்தால்' என்று ஒரு தாய் மனதார ஆசைப்பட்டால், தன் மடியில் கிடக்கும் பேரப்பிள்ளை இல்லாத உலகத்துக்கும் சேர்த்தே அவள் ஆசைப்படுகிறாள்.

ஆனால் இதை வைத்து 'நடந்ததெல்லாம் நன்மைக்கே' என்று முடித்துவிடக் கூடாது. பிள்ளை பிறந்ததால் பெருந்தீங்கு நியாயமாகிவிடாது. ஒரு தாய் அந்த இரவைச் சபிக்கவும் செய்யலாம். பேரப்பிள்ளையைக் கொஞ்சவும் செய்யலாம். இரண்டும் உண்மை. ஒன்றை வைத்து மற்றதைக் கழித்துக் கணக்குத் தீர்க்கும் உரிமை காலப் பயணிக்கு இல்லை. வேறு எவருக்கும் இல்லை.

காப்பியங்களின் விடை

இனி எமது பழைய இலக்கியங்களுக்கு வருவோம். தமிழ்க் காப்பியங்களில் கால இயந்திரம் இல்லை. ஆனால் பின்னோக்கிய பயணம் உண்டு. பழம்பிறப்பை அறிதல் என்பதே அது.

சிலப்பதிகாரத்தில் கண்ணகி தான் கண்ட தீக்கனவைத் தோழி தேவந்தியிடம் சொல்கிறாள். முற்பிறப்பில் கணவன் பொருட்டுச் செய்ய வேண்டிய நோன்பொன்றில் கண்ணகி தவறியதன் விளைவு இது என்கிறாள் தேவந்தி. சோமகுண்டம், சூரியகுண்டம் என்ற துறைகளில் மூழ்கிக் காமவேள் கோட்டத்தைத் தொழுதால் அந்தப் பிழை தீரும், பிரிந்த கணவனோடு சேரலாம் என்று வழியும் சொல்கிறாள். பழைய பிழையைப் பின்னோக்கிப் போய்த் திருத்தும் வழி அது. கண்ணகி அதை ஒற்றைச் சொல்லில் மறுத்துவிடுகிறாள். அது எமக்குப் பெருமையன்று என்பது அவள் மறுப்பின் பொருள். கதை முடிவை அறிந்த நமக்கு, 'ஐயோ, அண்டைக்கு அவள் அந்தக் குளத்தில் முழுகியிருந்தால்' என்று தோன்றும். இளங்கோவடிகள் அப்படி எண்ண இடம் வைக்கவில்லை. அன்று அவளுக்குத் தெரிந்ததைக் கொண்டு, அன்றைய தன் மானத்துக்கு ஏற்ப அவள் முடிவெடுத்தாள். அவளுடைய பெருமை அந்த முடிவில் இருக்கிறது. பின்னர் வந்த விளைவை வைத்து அது அளக்கப்படுவதில்லை.

மணிமேகலை இன்னும் ஒரு படி போகிறது. மணிமேகலை மணிபல்லவத் தீவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அங்கே புத்த பீடிகையைக் கண்டு தன் பழம்பிறப்பை அறிகிறாள். மணிபல்லவம் இன்றைய நயினாதீவே என்பது பல அறிஞர்களின் கருத்து, மறுப்போரும் உளர். தன்னை விரும்பிப் பின்தொடரும் உதயகுமாரனே முற்பிறப்பில் தன் கணவனான இராகுலன் என்று அவள் அங்கேதான் அறிகிறாள். அந்த அறிவு அவளுக்கு எத்தனை பாரம் என்று பாருங்கள். அவனை வெறுக்கவும் முடியாது, ஏற்கவும் முடியாது. பின்னர் அவன் காஞ்சனன் வாளால் வெட்டுண்டு கிடக்கும்போது, அவள் துடித்து உடலருகே போக முற்படுகிறாள். கந்திற்பாவை தடுத்து, முன்னொரு காலத்தில் இராகுலன் செய்த கொலையின் பயனே இது என்கிறது. அவளுக்கு எல்லாம் தெரியும். ஒன்றையும் மாற்ற முடியாது.

ஆனால் சாத்தனார் அங்கே நிறுத்திவிடவில்லை. பழம்பிறப்பை அறிந்த அதே தீவில்தான் மணிமேகலையின் கைக்கு அமுதசுரபியும் வந்து சேருகிறது. கடந்ததை அறிந்தவளுக்குக் காப்பியம் கொடுத்த வேலை, இன்று பசித்திருப்பவர்களுக்குச் சோறிடுவது. பின்னர் மன்னனிடம் கேட்டுச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றுவிக்கிறாள். நேற்றை அறிந்ததன் கடமை இன்றைக்குரியது என்பதே மணிமேகலையின் விடையாகும்.

திருக்குறளில் 'வினைத்தூய்மை' அதிகாரத்தில் ஒரு குறள், 'என்ன செய்துவிட்டோம்' என்று பின்னர் இரங்கும்படியானவற்றைச் செய்யாதே என்கிறது. ஒருவேளை செய்துவிட்டால் என்ன என்பதில் உரைகாரர்கள் பிரிகிறார்கள். மறுபடியும் அத்தகையவற்றைச் செய்யாதிருத்தல் நன்று என்பது மணக்குடவர் கொள்ளும் பொருள். பின்னர் இருந்து அந்த இரங்கலைச் செய்யாதிருத்தல் நன்று என்பது பரிமேலழகர் கொள்ளும் பொருள். இரண்டு உரையும் எமக்கு வேண்டும் என்பேன். மழையில் நின்று முடிவெடுத்த தகப்பனுக்குப் பரிமேலழகர் உரை: இரங்கிச் சாகாதே. மக்களின் தலைவிதியைத் தீர்மானித்தவர்களுக்கு மணக்குடவர் உரை: இனி ஒருபோதும் இதைச் செய்யாதே.

இரண்டு கேள்விகள்

கடந்த காலத்துக்குப் போகும்போது எடுத்துச் செல்ல வேண்டியவை இரண்டு கேள்விகள். அன்று அவருக்கு எவ்வளவு தெரிந்திருந்தது? அன்று அவரால் எவ்வளவு முடிந்திருந்தது?

இந்த இரண்டையும் கேட்டால், வீட்டுக்குள் நடக்கும் வழக்குகள் பெரும்பாலும் தள்ளுபடியாகிவிடும். அந்தத் தகப்பனுக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. முடிந்ததெல்லாம் ஒரு சைக்கிளும் இரண்டு கால்களும். அவர் தன் பிள்ளைகளை உயிரோடு வைத்திருக்க முயன்றார். அவ்வளவுதான்.

ஆனால் இதே கேள்விகள் அதிகாரம் உள்ளவர்களைத் தப்பவிடுவதில்லை. தேவாலயத்தில் மக்கள் தங்கியிருப்பது தெரிந்திருந்ததா? இலட்சக்கணக்கானோரை ஓர் இரவில் வெளியேறச் சொன்னவர்களுக்கு அந்தப் பாலத்தின் அகலம் தெரிந்திருந்ததா? சோதனைச் சாவடிக்குப் பொறுப்பானவர்களால் அந்த மாணவியை வீட்டுக்குப் போக விட முடிந்திருந்ததா? கட்டளையிட்டவர்கள் 'அன்று எங்களுக்குத் தெரியாது' என்று சொல்லும்போது, அது உண்மையா என்று பார்க்க வேண்டும். பின்னோக்கிய அறிவு சாதாரண மனிதரை நெரிப்பதற்கும் அதிகாரம் படைத்தவரை மன்னிப்பதற்கும் பயன்படுமாயின், அறம் தலைகீழாகிவிட்டது என்பதே பொருள்.

இவற்றைக் கேட்பதற்கு ஆதாரம் வேண்டும். ஆதாரம் பல வேளைகளில் மண்ணுக்குள் இருக்கிறது. 2025இல் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் நீதிமன்றத்தின் மேற்பார்வையில் மீண்டும் அகழ்வு நடந்தது. 200க்கு மேற்பட்ட மனித எலும்புக்கூடுகள் அடையாளம் காணப்பட்டன. சிறு பிள்ளைகளுடையவையும் அவற்றுள் இருந்தன. எலும்போடு பாடசாலைப் புத்தகப் பை ஒன்றும் விளையாட்டுப் பொம்மை ஒன்றும் வெளிவந்தன. தூரிகையால் மண்ணைத் தட்டித் தட்டி, ஒவ்வொரு எலும்புக்கும் இலக்கமிட்டு, படம் பிடித்துப் பதிந்துகொண்டு மெதுமெதுவாக நடந்த வேலை அது.

மனிதருக்கு வாய்த்த பின்னோக்கிய பயணம் இதுதான். இறந்த பிள்ளையை அது எழுப்பித் தராது. ஆனால் எந்தப் பிள்ளை, எப்போது, எப்படி, யாரால் என்ற கேள்விகளுக்கு விடை தேடித் தரலாம். காத்திருக்கும் தாய்க்கு ஒரு பெயரையும், கிரியை செய்ய ஒரு பிடி எலும்பையும் கொடுக்கலாம். எரிந்த நூலகத்தின் நூல்கள் திரும்பி வரமாட்டா. ஆனால் 2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்களும் பத்திரிகைகளும் பக்கம் பக்கமாகப் படமாக்கப்பட்டு வந்திருக்கின்றன. இவையெல்லாம் மணிமேகலையின் வழியில் வருபவை. நேற்றை மாற்றுவதற்கில்லை என்று அறிந்து, நேற்றுக்காக இன்று செய்யக்கூடியதைச் செய்வது.

காலத்தைத் திருப்பும் வல்லமை எமக்குத் தரப்படவில்லை. தரப்பட்டிருந்தால் அதைத் தாங்க எவராலும் முடிந்திராது. தரப்பட்டிருப்பது சிறியது: நினைவு வைத்திருக்க, விசாரிக்க, எழுதி வைக்க, தீர்ப்புச் சொல்லாமல் கேட்டிருக்க முடியும். வீட்டிலுள்ள முதியவர்கள் அந்த நாட்களைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால், 'ஏன் அப்படிச் செய்தனீங்கள்?' என்று கேட்க வேண்டாம். 'அண்டைக்கு என்ன நடந்தது?' என்று கேளுங்கள். கேட்டதைத் திகதியோடு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அந்தத் தலைமுறை எம்மிடையே நெடுநாள் இருக்கப்போவதில்லை.